புகையிரதப் பாதையும் வன்னிக் கமக்காரரும்

“கோச்சி திரும்பவும் ஓடத் தொடங்கிவிட்டது. வன்னிக்கு இனி என்ன குறை?” இப்படிக் கேட்பவர்களை நாம் கூட்டங்களிலும் கச்சேரி விறாந்தைகளிலும் அடிக்கடி சந்திக்கிறோம். கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. 1990 ஜூன் 13 ஆம் திகதிக்குப் பின் இருபத்துமூன்று ஆண்டுகள் கிளிநொச்சி மண்ணில் புகையிரதச் சத்தமே கேட்கவில்லை. 2013 செப்ரெம்பர் 14 இல் அது கிளிநொச்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் பளைக்கும், ஒக்ரோபர் 13 இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2 இல் காங்கேசன்துறைக்கும் போய்ச் சேர்ந்தது. இந்திய அரசாங்கத்தின் கடனுதவியில் நடந்த பெரிய வேலை. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் பாதை போட்டாயிற்று என்றால் பாதை ஓரத்துக் கமக்காரனுக்கு நன்மையும் வந்தாயிற்று என்று எடுத்துக்கொள்ளும் எண்ணம் பழையது. நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக இந்த நாட்டில் அதைச் சொல்லிவருகிறார்கள். எனவே புகையிரதம் இங்கே எப்படி வந்தது, யார் கேட்டார்கள், யார் காசு கொடுத்தார்கள் என்பதை இடம்பெயர்ந்தும் மீளக்குடியமர்ந்தும் வாழும் எமது குடும்பங்கள் ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது.

இலங்கையின் முதல் புகையிரதம் 1864 டிசெம்பர் 27 ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. முப்பத்துமூன்று மைல் சொச்சம். 1867 இல் அது கண்டிக்குப் போனது. கேட்டவர்கள் கோப்பித் தோட்டத் துரைமார். 1845 இலேயே அதற்கென்று ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. மலையிலிருந்து கோப்பி மூடைகள் மாட்டுவண்டியில் கொழும்புத் துறைமுகத்துக்கு வருவதற்குள் மழை பிடித்துவிடும், மாடுகள் செத்துவிடும், கூலி ஏறிவிடும். 1858 ஓகஸ்ட் 3 இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். செலவு கம்பெனியின் கைக்கு அடங்கவில்லை, அரசாங்கமே பொறுப்பெடுத்தது. இலாபம் தருமென்றால் கம்பெனி, தராதென்றால் அரசாங்கம் என்ற வழக்கம் நமது காலத்தில் தோன்றியதல்ல.

துரைமார் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. கோப்பி ஏற்றுமதியின்மேல் ஒரு வரி விதிக்கப்பட்டது. அது பாதைச் செலவுக்குப் போனது. ஆயினும் அதே காலத்தில் நெல் விதைத்தவனும் நெல்வரி கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்காக எந்தப் பாதையும் போடப்படவில்லை. 1848 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வயதுவந்த ஆண் ஒவ்வொருவனும் வருடத்தில் ஆறு நாள் றோட்டில் வேலை செய்யவேண்டும், அல்லது காசு கட்டவேண்டும். நெல்வரி 1892 ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீக்கப்பட்டது. அதுவரை கமக்காரன் கொடுத்துக்கொண்டே இருந்தான். அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கத்தில் அவன் பெயர் இருந்தது. செலவுப் பக்கத்தில் இல்லை.

கண்டிக்கு ஏறும் கடுகண்ணாவை மலைச்சரிவில் கல் உடைத்தவர்களில் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர். காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோயின. கோப்பித் தோட்டத்துக்குப் போன அவர்களுடைய உறவினர்களும் மலைவரை புகையிரதத்தில் போகவில்லை. மன்னார்க் கரையில் வள்ளத்தால் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை ஊடாக மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வன்னியின் மேற்கு ஓரத்தையும் தெற்கு ஓரத்தையும் தொட்டுச் சென்ற அந்தப் பாதையில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதை எவரும் முறையாக எண்ணவில்லை. கோப்பி மூடைக்கு வண்டி, மனிதருக்குக் கால். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும்தான் 1958, 1977, 1983 ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து காடு வெட்டினார்கள். தர்மபுரம், பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் இதை வாசிக்கும் பல வீடுகளுக்கு இது சொந்தக் குடும்பக் கதை. 1867 இல் கண்டிக்குப் போன பாதையைப் பற்றிப் பேசும்போது, ‘அது எங்கோ தெற்கில் நடந்த சங்கதி’ என்று வன்னியிலுள்ளவர்கள் தள்ளிவைக்க முடியாமலிருப்பது இதனால்தான்.

இனி வடக்கே வருவோம்.

கண்டிக்குப் புகையிரதம் போய் முப்பத்தைந்து ஆண்டுகள் வடமாகாணத்தில் ஓர் அடி தண்டவாளமும் இல்லை. வடக்கிலிருந்து கொழும்புக்குப் போகிறவன் கப்பலேறவேண்டும், அல்லது வன்னிக் காட்டினூடாக வண்டியில் மாத்தளைக்குப் போகவேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலாயாவில் 1885 ஜூன் 1 ஆம் திகதி தைப்பிங் நகரிலிருந்து போட் வெல்ட் துறைவரை எட்டு மைல் நீளத்தில் ஒரு சிறிய பாதை திறக்கப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதற்காகப் போடப்பட்டது. அந்நாட்டின் முதற் புகையிரதப் பாதையும் அதுவே. அதைப் போடும் வேலைக்கு இலங்கையிலிருந்துதான் பயனியர் படைத் தொழிலாளரைக் கொண்டுபோனார்கள். பின்னர் மலாயாப் புகையிரதங்களில் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் யாழ்ப்பாணத்தார் நிறைந்தார்கள். ஊரிலே மாட்டுவண்டியில் சுண்ணாம்புக்கல் றோட்டில் குலுங்கிப் போனவன், மலாயாவில் பச்சைக்கொடி காட்டிப் புகைவண்டியை அனுப்பிக்கொண்டிருந்தான்! எட்டு மைல் பாதைக்கு ஈயம் காரணமாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஈயமும் இல்லை, கோப்பியும் இல்லை.

ஆகவே யாழ்ப்பாணத்தார் கேட்கத் தொடங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் இந்தக் கோரிக்கை கூட்டங்களிலும் மனுக்களிலும் சட்டநிருபண சபையிலும் தொடர்ந்து ஒலித்தது. சபையில் 1898 முதல் தமிழ்ப் பிரதிநிதியாக இருந்த டொக்டர் வில்லியம் கேப்ரியல் றொக்வூட்டின் பெயர் இதனுடன் சேர்த்துச் சொல்லப்படுவதுண்டு. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பத்திரிகைகள் பல இருந்தன: 1841 முதல் உதயதாரகை, 1876 முதல் கத்தோலிக்க பாதுகாவலன், 1889 முதல் இந்து சாதனம். சமய விஷயத்தில் ஒன்றையொன்று கடித்துக் குதறிய பத்திரிகைகள் இவை. ஆனால் ஊருக்கு ஒரு குறையென்றால் அதை அச்சில் வைத்துப் பேச ஓர் இடம் இருந்தது. வாசிக்கத் தெரிந்த சனம் இருந்தது. கொழும்பில் உத்தியோகம் பார்த்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் விடுமுறைக்கு வீடு திரும்பவேண்டிய தேவையும் இருந்தது.

எதிர்த்தவர்களின் வாதம் எளிமையானது. யாழ்ப்பாணம்வரை பாதை போடலாம். ஆனால் இடையில் கிடப்பது என்ன? காடு. சனமில்லாத, காய்ச்சல் பிடித்த, குளங்கள் உடைந்து கிடக்கும் காடு. அதனூடாகத் தண்டவாளம் போட்டு வருமானம் எங்கிருந்து வரும்? ஒடுக்கப் பாதை போட்டால் செலவு குறையும் என்று சிலர் வாதித்தார்கள். (களனிப் பள்ளத்தாக்கில் அக்காலத்தில் போடப்பட்டது அப்படிப்பட்ட இரண்டரை அடி அகலப் பாதை.) ஈற்றில் வடக்குக்கும் ஐந்தரை அடி அகலப் பாதையே கிடைத்தது. தேசாதிபதி சேர் வெஸ்ற் றிட்ஜ்வேயின் காலத்தில் வேலை நடந்தது.

அது நடந்த விதத்தை நம்மில் பலர் அறியமாட்டார்கள். கொழும்பிலிருந்து பாதை காட்டைக் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை வடக்கு காத்திருக்கவில்லை. காங்கேசன்துறைக் கரையிலிருந்தே தெற்கு நோக்கிப் பாதை போட்டார்கள். 1902 மார்ச் 11 ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே, ஏறக்குறைய இருபது மைல் தூரம், புகையிரதம் ஓடியது. பிறகு பளைவரை நீண்டது. அவ்வளவுதான். இரண்டு பக்கமும் முடிந்துபோன பாதை: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆனையிறவுப் பரவையும் காடும். நாட்டின் மற்றப் பாதைகளோடு ஓர் இரும்புத்துண்டின் தொடர்பும் இல்லை. எஞ்சினும் பெட்டிகளும் தண்டவாளமும் கடல்வழியாகத்தான் வரவேண்டும். குடாநாட்டுக்குள்ளேயே ஓடித் திரிந்த இந்தக் குட்டிப் புகையிரதத்தை நாம் ஏளனம் செய்யமாட்டோம். சாவகச்சேரிச் சந்தைக்குப் போகிறவனுக்கும் யாழ்ப்பாணப் பட்டினத்தில் வழக்குப் பேசப் போகிறவனுக்கும் அது போதுமாயிருந்திருக்கும். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளின் படத்தை மனதில் வரைந்து பாருங்கள். வடக்கே ஒரு பாதை பளையில் முடிகிறது. தெற்கே இன்னொரு பாதை குருநாகலிலிருந்து அனுராதபுரம் நோக்கி ஏறிவருகிறது. இரண்டுக்கும் நடுவில் வெறுமையாகக் கிடக்கிறது வன்னி.

1905 ஓகஸ்ட் 1 ஆம் திகதி அந்த இடைவெளி அடைபட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட முதல் வண்டி கொழும்புக்குப் போய்ச்சேர 13 மணித்தியாலமும் 20 நிமிடமும் எடுத்தது. வவுனியாவிலிருந்து பளைவரை அறுபத்தைந்து மைல் அளவில் அது வன்னியைக் கடந்தது.

கடந்தது என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறோம். அந்தப் பாதைக்காக மனுக் கொடுத்தவர்களில் ஓமந்தைக் கமக்காரனோ புளியங்குளத்துக் கமக்காரனோ இல்லை. அவர்களுக்கு ஒரு பத்திரிகை இல்லை, சபையில் குரல் இல்லை. சிவில் சேவை அதிகாரியான ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய ஆங்கில நூலைப் புரட்டினால் அக்கால வன்னியின் நிலை தெரியும்: சிறிய கிராமங்கள், பாழடைந்த குளங்கள், காய்ச்சல், குறைந்துகொண்டுபோகும் சனத்தொகை. குளம் உடைந்ததால் சனம் போயிற்று. சனம் போனதால் குளத்தைக் கட்டுவார் இல்லை. இதையே காரணமாகக் காட்டி, சனமில்லாத இடத்துக்குப் புகையிரதம் எதற்கு என்றார்கள் ஒரு சாரார். இன்னொரு சாரார், யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டுமானால் இந்தக் காட்டைத் தாண்டித்தானே ஆகவேண்டும் என்றார்கள். இரு சாராருடைய கணக்கிலும் வன்னி என்பது இத்தனை மைல் தூரம், இத்தனை ரூபா செலவு. அங்கே குடியிருப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது எவருடைய கணக்கிலும் வரவில்லை.

இருந்தபோதிலும் பாதை வந்ததும் சில காரியங்கள் தாமாகவே நடந்தன. இரணைமடுக் குளத்தின் வேலை 1902 இல் தொடங்கி 1920 அளவில் நிறைவுக்கு வந்தது. 1936 இல் குடாநாட்டின் காணியற்றவர்களுக்காகக் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கப்பட்டது. புகையிரதம் வன்னியைத் தாண்டிய காலத்தில் கிளிநொச்சி என்றொரு பட்டினமே இருக்கவில்லை என்பதை இளையவர்கள் கவனிக்கவேண்டும். காட்டு நடுவே ஒரு நிலையமும் ஒரு குளமும் முதலில் வந்தன. மலேரியாவோடு போராடிய குடும்பங்கள் பின்னர் வந்தன. பட்டினம் அதற்கும் பிறகு. வந்த புகையிரதத்தைச் சனம் தன் கையாலே தனக்குப் பயன்படும்படி ஆக்கிக்கொண்டது.

முல்லைத்தீவின் கதை வேறு. கரையோரத்துக்கு ஒருபோதும் தண்டவாளம் வரவில்லை. மாங்குளம் நிலையமே வாசல். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாகப் போகும் றோட்டுத்தான் முல்லைத்தீவின் புகையிரதம் என்று சொல்லவேண்டும். அந்த றோட்டு நன்றாக இருந்த காலத்தில் முல்லைத்தீவு மீனும் நெல்லும் தெற்கே போயின. றோட்டுக் கெட்டபோது, மாங்குளத்தில் எத்தனை புகையிரதம் நின்றும் பிரயோசனமில்லை.

இங்கே தஞ்சாவூரின் கதையைச் சொல்வது பொருத்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, 1894 இல், தமிழ்நாட்டில் மாயவரத்திலிருந்து திருவாரூர் ஊடாக முத்துப்பேட்டைக்கு ஐம்பது மைலுக்குச் சற்று மேற்பட்ட ஒரு பாதை திறக்கப்பட்டது. அதை எந்தத் துரையும் கேட்கவில்லை. தஞ்சாவூர் ஜில்லா போட், அதாவது உள்ளூராட்சி மன்றம், நிலத்தின்மேல் ஒரு சிறு மேல்வரி விதித்து, அந்தப் பணத்தைச் சேர்த்து அந்தப் பாதையைப் போட்டது. வண்டி ஓட்டும் வேலையைத் தென்னிந்திய ரெயில்வே பார்த்தது; பாதையின் சொந்தக்காரன் ஜில்லா போட். வந்த இலாபத்தில் அதற்குப் பங்கு. நெல் விளையும் நாடு, நெல்லுக்காகப் பாதை போட்டது. அதே மன்றம் பின்னர் பாதையை அறந்தாங்கிவரை நீட்டியது.

இதைப் புகழ்ந்து மட்டும் விட்டுவிட முடியாது. அந்த ஜில்லா போட்டில் இருந்தவர்கள் பெரும் மிராசுதாரர். சேற்றில் இறங்கி நட்ட பண்ணையாளுக்கு அங்கே ஆசனம் இல்லை. மேல்வரிக்கான பணம் அவனுடைய முதுகிலிருந்துதான் வந்தது. ஆயினும் ஒரு விஷயம் தெளிவாகிறது. காசும் கணக்கும் உள்ளூரில் இருந்தால் பாதை எங்கே நிற்கவேண்டும், எந்தச் சந்தைக்கு அருகே போகவேண்டும் என்று கேட்கும் உரிமையும் உள்ளூரில் இருக்கும். நமக்கு அந்த உரிமை 1905 இலும் இருக்கவில்லை, 2013 இலும் இருக்கவில்லை.

வன்னிக் கமக்காரன் புகையிரதத்தால் உண்மையிலேயே நன்மை கண்ட காலம் ஒன்று உண்டு. 1956 ஏப்பிரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி பிரயாணிகளுக்கானது. அதைப் பற்றிப் பாட்டும் படமும் கதையும் போதியளவு உண்டு. நாம் நினைப்பது சாமான் பெட்டிகளை. 1970 முதல் 1977 வரை வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் திட்டங்களில் குடியேறியவர்கள் செத்தல் மிளகாயால் தலைநிமிர்ந்தார்கள். கிளிநொச்சி நெல், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் உற்பத்தி, ஆனையிறவு உப்பு, காங்கேசன்துறைச் சீமெந்து எல்லாம் இதே இரும்புப் பாதையின் ஓரத்தில் விளைந்தவை. ஆனால் அந்தச் செழிப்புக்குப் புகையிரதம் மட்டும் காரணமல்ல. விலை காரணம். 1977 க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது அதே தண்டவாளம், அதே பெட்டிகள், அதே நிலையங்கள் இருந்தன. மிளகாய்க்கு விலை இருக்கவில்லை. பாதை வந்தால் எல்லாம் வரும் என்று பேசுகிறவர்களுக்கு இதைத்தான் நாம் எடுத்துக்காட்டுகிறோம்.

பின்பு நடந்தவை உங்களுக்குத் தெரியும், நாம் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1990 இல் வண்டி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் போர்புரிந்தவர்களின் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் போயின. சனங்களும் எடுத்தார்கள், பிள்ளைகளோடு குழிக்குள் இருப்பவன் தலைக்குமேல் எதைப் போடுவான்? போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்குவது வன்னியில் மட்டும் நடந்ததல்ல. இரண்டாம் உலகப்போரில் யப்பானியர் மலாக்கா நகருக்குப் போன கிளைப்பாதையைப் பிடுங்கிச் சீயம்–பர்மா மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்த மரணப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தைவிட்டுப் புறப்பட்டவர்களும், 1996 இல் கிளிநொச்சியைவிட்டு அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் போனவர்களும், 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர்களும் கால்நடையாகவும் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் சைக்கிளிலும்தான் போனார்கள். மெனிக் பாம் முகாம்கள் அமைந்த செட்டிகுளத்துக்கும் ஒரு புகையிரத நிலையம் இருந்தது. 2012 இல் முகாம் மூடப்படும்வரை அங்கே வண்டி வரவில்லை. மன்னார்ப் பாதையில் மடுவரை 2013 மே மாதத்தில்தான் மீண்டும் ஓடியது.

தண்டவாளம் இல்லாத அந்த இருபத்துமூன்று ஆண்டுகளில் புகையிரத ஒதுக்கு நிலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கொட்டில் போட்டன. வேறு எங்கே போவது? வயற்கரையில் கண்ணிவெடி, சொந்த ஊரில் இராணுவம். மேடான இடம், மழைக்கு வெள்ளம் நிற்காது, றோட்டும் கிட்ட. ஒதுக்கு நிலம் புகையிரதத் திணைக்களத்துக்குரியது என்பதை நாம் மறுக்கவில்லை. பாதுகாப்புக்கு இடைவெளி வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அங்கிருந்து எழும்பச் சொல்லும்போது, ‘சட்டவிரோதக் குடியிருப்பாளர்’ என்ற ஒரே சொல்லால் எல்லாரையும் அடித்துவிடுவது அநியாயம். அவர்களுள் சிலருடைய சொந்தக் காணிக்கு உறுதி இருக்கிறது, போக வழியில்லை. சிலருக்குப் பெர்மிற் எரிந்துபோயிற்று. மலையகத்திலிருந்து வந்தவர்களுள் பலருக்கு ஒருபோதும் பெர்மிற் கொடுக்கப்படவே இல்லை. இந்த மூன்று வகையினருக்கும் மூன்று விதமான பதில் தேவை. மாற்றுக் காணி, எழுத்தில், பிரதேச செயலரின் கையொப்பத்தோடு கிடைக்கும்வரை ஒருவரும் வாய்ப்பேச்சை நம்பி எழும்பவேண்டாம் என்பது எமது அபிப்பிராயம்.

கடவைகளின் விஷயம் இதைவிட அவசரமானது. புதிய பாதை வேகமான பாதை. பழைய கோச்சி தூரத்தில் கூவிக்கொண்டு ஆடி ஆடி வரும். மாட்டைச் சாய்த்துக்கொண்டு ஒதுங்க நேரமிருந்தது. இப்போது வளைவில் தலை தெரியும்போது வண்டி வந்துவிட்டது. வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே பாதை போகும் இடங்களில் படலை இல்லாத கடவைகளில் மனிதரும் மாடுகளும் சாவதைப் பத்திரிகைகளில் வாசித்துவருகிறோம். மூங்கில் தடி போட்டுக் காவல் நின்ற இளைஞர்களுக்கு மிகச் சொற்பமான நாட்படி கொடுக்கப்பட்டது. நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் பலமுறை போராடவேண்டியிருந்தது. ஒரு கடவையில் மணியும் விளக்கும் பொருத்த எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். ஓர் உழவு இயந்திரத்தோடு ஒரு குடும்பத்தலைவன் போனால் அந்த வீட்டுக்கு எவ்வளவு செலவாகும் என்ற கணக்கையும் பக்கத்தில் எழுதவேண்டும்.

இன்னொன்று மதகு. உயர்ந்த புகையிரத மேட்டுக்குக் கீழே போதிய மதகுகள் இல்லாத இடங்களில், மாரி வெள்ளம் ஒரு பக்கத்து வயலில் நின்று பயிரை அழுகவைக்கிறது. மறுபக்கத்துக்கு வாய்க்கால் தண்ணீர் ஏறுவதில்லை. பாதை போட்ட பொறியியலாளருக்குத் தண்ணீர் எங்கே ஓடும் என்று வரைபடம் சொல்லும். எந்த ஐப்பசியில் எந்த மூலையால் குளம் வான்பாயும் என்பதை அந்த ஊர்க் கமக்காரன்தான் சொல்லுவான். அவனை யாரும் கேட்கவில்லை.

“எல்லாவற்றிலும் குறை பிடிக்கிறீர்களே, ஏழைக்கு மலிவான பிரயாணம் புகையிரதம்தானே” என்று சிலர் எம்மிடம் சொல்லுவதுண்டு. சரியான பேச்சு. மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு மாதாமாதம் போகவேண்டிய ஒரு தாய்க்கு மூன்றாம் வகுப்பு ஆசனம் பெரிய ஆறுதல். 2023 இல் அனுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே திருத்த வேலைக்காகப் பாதை ஆறு மாதமளவில் மூடப்பட்டபோது அந்த அருமை எல்லாருக்கும் விளங்கியது. நாம் கேட்பது புகையிரதம் வேண்டாம் என்றல்ல. பிரயாணிக்கு வந்த புகையிரதம் நெல்லுக்கும் வரட்டும் என்கிறோம். காலபோக அறுவடையில் தெற்கிலிருந்து வரும் லொறிக்காரன் வயற்கரையில் நின்று சொல்லும் விலைதான் இன்று விலை. கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் ஒரு களஞ்சியமும், அறுவடைக் காலத்தில் கிழமைக்கு ஒரு சாமான் வண்டியும் இருந்தால் லொறிக்காரனோடு பேசுவதற்கு நமக்கு ஒரு நாக்கு இருக்கும். 2016 இல் வவுனியாவின் பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் அமைப்பதா தாண்டிக்குளத்தில் அமைப்பதா என்று அரசியல்வாதிகள் மாதக்கணக்கில் இழுபறிப்பட்டார்கள். கத்தரிக்காய் விற்கிறவனிடம் எவரும் வந்து, ‘உனக்கு எது வசதி?’ என்று கேட்டதாக எமக்குத் தெரியவில்லை. சனத்தைக் கேளாமல் சனத்துக்காகச் சண்டைபோடும் கலையில் எம்மவர்கள் துரைமாருக்குச் சளைத்தவர்களல்லர்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தாரிடம் நாம் கற்கவேண்டியது அவர்களுடைய பிடிவாதத்தை. ஒரு மனு தள்ளப்பட்டால் அடுத்த மனு. வருமானம் வராது என்று சொன்னால், இத்தனை பேர் இப்போது போய்வருகிறார்கள், இவ்வளவு சாமான் ஏறி இறங்குகிறது என்று கணக்கு. அரசாங்கத்துக்குக் கண்ணீர் விளங்காது, தொகை விளங்கும். மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் எமது சங்கங்கள் எழுந்து நின்று ‘எங்களுக்கு அநியாயம் நடக்கிறது’ என்று சொல்லி அமர்ந்துவிடுகின்றன. கூட்டக்குறிப்பில் அது ஒரு வரியாகப் போகிறது, அடுத்த கூட்டத்தில் மறக்கப்படுகிறது.

ஆதலால் கமக்கார அமைப்புகளிடமும் மாதர் சங்கங்களிடமும் நாம் கேட்பது இது. உங்கள் ஊருக்குக் கிட்டிய படலையில்லாத கடவை ஒன்றைத் தெரிந்தெடுங்கள். ஒரு வாரம், காலை ஆறு மணிமுதல் எட்டு மணிவரையும் பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும், அதைக் கடக்கும் பிள்ளைகள், சைக்கிள்கள், உழவு இயந்திரங்கள், மாடுகள் எத்தனை என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். அதே கொப்பியில், வெள்ளம் தேங்கும் மதகில்லா இடங்களையும், சென்ற போகத்தில் ஒவ்வொரு வீடும் விற்ற நெல் மூடைகளையும், கிடைத்த விலையையும், யார் வாங்கினார் என்பதையும் எழுதுங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அவர்களை விடலாம். ஒதுக்கு நிலத்தில் இருப்பவர்கள் தங்கள் பழைய காணியின் பெயரையும் எப்போது எழும்பினார்கள் என்பதையும் தனியாகக் கொடுக்கவேண்டும். மனுவைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவதற்கும், ஒரு பிரதியைப் புகையிரதத் திணைக்களத்துக்கும் மற்றையதை மாவட்டச் செயலகத்துக்கும் அனுப்பிப் பதிவுத்தபால் துண்டை வைத்துக்கொள்வதற்கும் நாம் உதவுவோம். மாங்குளத்துக் கணக்கை முதலில் எடுப்பது நல்லது. காலபோக அறுவடை மாசியில் மும்முரமாகிவிடும். லொறிகள் வருவதற்கு முன்பே கொப்பி கையில் இருக்கவேண்டும்.